சப்பாத்தைக் கழற்றிய ஜோம்பி

படம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் ஜேர்மனியின் ஹம் நகர மண்டபத்தில் இருந்த சனம் ஜோம்பிகளின் பக்கம் சேர்ந்துவிட்டது. நிருஷா எழுதி எடுத்த படத்தின் நாயகர்கள் அப்படி. உயிர் தப்பிய நால்வரும் கடைசி மீன் டின்னுக்காக அடித்துக்கொண்டார்கள். காயப்பட்டவனைக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள். மனிதரின் இருட்டைக் காட்டுவதாக அவள் நினைத்திருந்தாள். “இவங்களைக் கெதியாக் கடியுங்கோவன்!” என்று பின்வரிசையிலிருந்து சூசைதாசன் கத்தினார்.

நிருஷாவின் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அவள் பெரிய பயம், முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்த சிசிலியக்காவைப் பார்த்துச் சனம் சிரித்துவிடுமோ என்பதுதான்.

சிசிலி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். ஹம்முக்கு வந்த புதிதில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். கணவர் போன பிறகு, தன் பிள்ளை வயதுக்காரரோடு இருந்து Ausbildung என்ற தொழிற்பயிற்சியை முடித்தார். ஜோம்பியாக வரமுடியுமா என்று நிருஷா கேட்டபோது கதையைக்கூட விசாரிக்கவில்லை. “ஓம், வாறன். வேலை முடிஞ்சு வாற என்ர நடையே உதுதானே.” ஞாயிற்றுக்கிழமைகளையும் தன் வீட்டையும் தந்தார். முகத்தில் கோதுமை மாவும் பீட்ரூட் சாறும் காய, எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

இப்போது திரையில் ஜோம்பிகள் அந்த வீட்டுக் கதவை உடைத்தார்கள். முன்னால் சிசிலி, உறுமிக்கொண்டு. வாசலில் ஒரு கணம் நின்று, குனிந்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். பின்னால் வந்த பிணங்களும் ஒவ்வொன்றாகக் கழற்றின.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

படத்தைத் தொகுக்கும்போது நிருஷா எத்தனையோ தடவை பார்த்தும் பிழை தெரியாத காட்சி. தமிழ் வீட்டு வாசலில் அது கண்ணில் படுகிற காரியமா? “செத்தாலும் அக்கா வீட்டைக் கூட்டித்தான் வைச்சிருப்பா!” என்றார் சூசைதாசன்.

நிருஷா படத்தை நிறுத்த ஓடிப்போய்க் கணினியில் கை வைத்தாள். சிசிலி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். கண்ணெல்லாம் நீர். அழுகிறாரென்றே நிருஷா நினைத்தாள்.

“நிப்பாட்டாதை பிள்ளை,” சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. “நான் இன்னும் அந்தப் பெடியனைக் கடிக்கேல்லை.”

கடித்தபோது மண்டபமே எழுந்து கைதட்டியது.

முடிவில் நிருஷா ஒலிவாங்கியைப் பிடித்தாள். வெளிச்சம் போதவில்லை, கமெரா இரவல் என்று சொல்ல எழுதி வைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. தான் யோசித்து யோசித்து எழுதிய நால்வரை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கேட்டதும் வந்து நின்றவர்களை எல்லோருக்கும் பிடித்திருந்தது. தனக்கும்தான். அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிசிலியின் பெயரைக் கடைசிக்கு வைத்தாள்.

“நன்றி அக்கா.”

“அதிருக்கட்டும்,” என்றார் சிசிலி, முன்வரிசையிலிருந்து. “அடுத்த படத்திலை எனக்கு வாய் திறந்து கதைக்கிற பாகம் தா.”