படங்கு கட்டிய பொம்மை

ஹட்டன் பஸ்ஸில் யாரோ ஏற்றிய நனைந்த சாக்கின் புளித்த வாடை, பூண்டுலோயாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு என்னை இழுத்துப்போனது. மண்சரிவில் போய்விட்ட இடம் அது. வேலை நாளில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரக் கம்பளியும் பால் நாற்றமுமாக, தோட்டத்தின் ஒரே டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவை ஒட்டி நானும் இருப்பேன்.

டிவி நிகழ்ச்சியில் கோட்டுப் போட்ட ஒருவருக்கு எடுபிடியாக ஒரு கைப்பொம்மை வரும். அதன் இடுப்பில் எங்கள் பெண்கள் மலைக்குக் கட்டிப்போகும் படங்குச் சாக்கு, வாயில் எங்கள் பேச்சு. அது பேசினால் அவர் அறைவார். பிள்ளைக்காம்பரா சிரிப்பில் அதிரும்.

ஒருநாள் அம்மா முகம் சுளித்து எழுந்தாள்.

"நம்ம மாதிரி பேசுனா அறையிறான். இதுக்கு என்னாங்கடி சிரிப்பு?"

"பொம்மதானேக்கா," என்றாள் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி.

"பொம்மைக்கு எதுக்குடி படங்கு கட்டிவுட்டான்?"

பொம்மையின் சிவப்பு வாய் அடுத்த அறை வாங்கப் பிளந்தபோது, செல்வியே எழுந்துபோய் டிவியை அணைத்தாள். மறு ஞாயிறும் அவளேதான் அணைத்தாள்.