அக்காவின் கிட்னி

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் என் அக்கா. ஊத்துக்குளிப் பக்கம் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் காலையில் போன் செய்வாள். எடுத்ததுமே, "என்ற கிட்னி எப்படி இருக்குது?" என்பாள்.

"நல்லா இருக்குதுக்கா."

கிட்னி நல்லாத்தான் இருந்தது. மாத்திரைகளால் என் முகம் உப்பிவிட்டது, சர்க்கரை புதிதாக வந்தது, கை நடுங்கியது. பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கை ஆட, துணியும் சேர்ந்து ஆடும். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னதில்லை.

ஒருமுறை ரத்தப் பரிசோதனையில், கிட்னி சுணங்கினால் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கோயமுத்தூரில் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். என் மனைவி அக்காவுக்குச் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் அக்கா வந்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே டாக்டரிடம் போனாள்.

"ஏனுங்க, நான் குடுத்ததுல ஏதாச்சும் கோளாறுங்களா? பதனமாத்தானுங்க வெச்சிருந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க கிட்னி மேல தப்பே இல்லம்மா. இவர் உடம்புதான் அதை வெளியாள்னு நெனச்சுச் சண்டை போடுது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஒரே வயித்துல பொறந்தோம். என்னையப் போயி வெளியாளுங்குதா உன்ற ஒடம்பு?"

அவளுக்கு நிஜமாகவே கோபம். எனக்கோ சிரிப்பு. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தேன். பாதி போர்வையில் சிந்தியது. அவள் டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பருந்து இப்படி ஆடுது?"

"ஆபரேஷன் ஆனதுலருந்தே."

"அப்பறம் தெனமும் நல்லா இருக்குதுன்னே?"

"நீ கிட்னியத்தானக்கா கேட்டே."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், அப்படியே அழுதுவிட்டாள்.

கிரியாட்டினின் இறங்கியது, பழைய அளவுக்கு வரவில்லை. இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். கம்பெனியில் என்னைக் கணக்கு எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். அக்கா சில நாள் எங்களோடு இருந்து, உப்புக் குறைத்த சாப்பாட்டையே தானும் சாப்பிட்டாள். எருமைகள் வேறு கைக்குப் பால் கொடுக்கவில்லை என்று தகவல் வந்ததும் கிளம்பினாள்.

ரயிலேற்றிவிடப் போனேன். கூட்டத்துக்குள் வராதே என்று ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். படியேறும்போது இடது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"படி செங்குத்தா இருக்குது. நீ ஊட்டுக்குப் போ சாமி, வெயிலேறுது."