கட்சாலுக்குச் சொன்ன பாரோ கதை

கணவருக்குக் கப்பலில் போகவேண்டிய கட்சால் தீவுக்கு மாற்றல் வந்தபோது, பிள்ளைகளின் படிப்புக்காக நான் நாங்கள் குடியிருந்த கராச்சர்மாவிலேயே தங்கிவிட்டேன். அவர் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஆனாலும் வைக்க மனம் வராது.

அப்படி ஒரு நாள், நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பழைய எகிப்தை ஆண்ட ஒரு பாரோவின் வரலாறு. சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவனுக்கு முடி சூட்டிவிட்டார்கள். ஆனால் இருபது வருடம் போல ஆண்டதெல்லாம் சிற்றன்னைதான்.

"அதுவரைக்கும் இவன் என்ன செஞ்சான்?"

"படையோட இருந்திருக்கான். காத்துக்கிட்டு இருந்தான்."

"பாவம்."

மறுநாள் அவரே கேட்டார். "அச்சா, அப்புறம் அந்த ராஜா?"

சிற்றன்னை இறந்ததும் அந்நிய மன்னர்கள் ஒன்றாகத் திரண்டார்கள். இவன் படையோடு கிளம்பினான். தளபதிகள் வேண்டாம் என்று தடுத்த குறுகிய மலை வழியில் தானே முன்னால் போனான். எதிரிகள் அந்தப் பக்கம் காவல் வைக்கவில்லை. வென்றுவிட்டான். ஆனால் சிப்பாய்கள் கூடாரங்களைக் கொள்ளையடிக்க நின்றுவிட்டதில், தோற்றவர்கள் கோட்டைக்குள் ஓடிக் கதவை மூடிக்கொண்டார்கள். ஏழு மாதம் முற்றுகை.

"ஏழு மாசமா? சிப்பாய்ங்க வீட்டுல இருந்தவங்க?"

"அவங்களப் பத்தி ஒண்ணும் எழுதலங்க."

அந்த மழைக்காலம் முழுக்க, அவர் வீட்டுக்கு வரவேண்டிய கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

படகுகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி, பாலைவனம் தாண்டிப் பெரிய ஆற்றில் இறக்கினான் என்று சொன்னபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "அவன நம்ம ஷிப்பிங் ஆபீஸ்ல போடணும்."

கிறிஸ்மஸுக்கு வந்தார். வீடு நிறைந்திருந்தது. அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடலாம் என்று புத்தகத்தை எடுத்தேன். வாங்கி மூடி வைத்தார்.

"இப்ப வேணாம். அங்க போனப்புறம் சொல்லு."

துறைமுக ஜெட்டியில் கப்பல் நகரும்வரை நின்றேன். கையசைத்தவர்களில் அவர் யார் என்றே தெரியவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு மீதியைச் சொன்னேன். "வயசாகித்தான் செத்தான். அம்பது வருஷத்துக்கு மேல ராஜா. கடைசி ரெண்டு வருஷம் போல மகனையும் கூட உக்கார வெச்சு ஆண்டிருக்கான்."

"மகன் பக்கத்துலயே இருந்தானா?"

"ஆமாங்க."

"பையன் இருந்தா அவன்கிட்ட குடு," என்றார்.

கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஈரம் காயாத துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பையன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வர இன்னும் மாற்றல் வரவில்லை. அந்த ராஜாவின் மகனுடைய வரலாறு எங்கேயாவது கிடைக்குமா என்று நேற்றும் கேட்டார்.