கறி பொறுக்கிய சோறு

பிரியாணி என்றால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு வயிற்றைப் புரட்டும். கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாசனை படியேறி வரும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். "பாய் வீட்டுப் பொண்ணுக்குப் பிரியாணி ஆகாதாம்டி" என்று தோழிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வாசனையோடு எனக்கு இரண்டு கைகள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று என் பள்ளித் தலைமையாசிரியரின் கை. இன்னொன்று என்னைப் பெற்ற அத்தாவின் கை.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். மத்தியானம் சத்துணவு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், வண்டைத் தேட வேண்டாம், அதுவே மிதந்து வரும். ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவேன். முட்டை போடும் நாளில், பக்கத்தில் உட்காரும் லிங்காயத்துப் பெண் தன் முட்டையை ஒற்றை விரலால் என் தட்டில் உருட்டிவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். கன்னடம் பேசும் வீடு, மாமிச வாடையே இல்லாத வீடு. அவளுக்கு முட்டை ஆகாது, எனக்கு ஆகும். இதில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை. தகராறெல்லாம் பெரியவர்களால்தான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அத்தா கம்பெனிகளில் காலிச் சாக்குகளை எடுத்துவந்து, கிழிந்ததைத் தைத்து, மண்டிகளுக்கு விற்பார். பேருந்து நிலையத்தில் என்னை முன்னால் தள்ளி, "உத்தனப்பள்ளி வண்டியா பாரு பாப்பா" என்பார். நான் பலகையைச் சத்தமாகப் படிப்பேன். பக்கத்தில் நிற்பவர்களை அத்தா ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே இரண்டு முறை படிப்பேன்.

ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். பக்கத்துக் கம்பெனி ஒன்று வருடத்துக்கு ஒரு எட்டாவதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பத்தாவது வரை சீருடை, புத்தகம், பஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும். வகுப்பில் முதலாவதாக இருந்ததால் அந்த வருடம் தலைமையாசிரியர் என் பெயரைக் கொடுத்திருந்தார். அத்தா சொல்லிவிட்டார்: "கம்பெனிக்காரன் படிக்க வச்சா போ. இல்லேன்னா கோணி ஊசிய எடுத்துக்க." கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடை உண்டு, இல்லை என்பதுபோலச் சொன்னார்.

அந்தக் கம்பெனி வாசலில் ஒரு முனியப்பன் இருந்தார். வருடா வருடம் பங்குனியில் அவருக்குக் கிடா வெட்டிப் பிரியாணி போடுவார்கள். வழக்கமாக எங்கள் பள்ளிக்குப் பொரியும் கடலையும் வரும். அந்த வருடம் ஒரு அண்டா பிரியாணியே ஜீப்பில் வந்து இறங்கியது. கூடவே கம்பெனியின் பெரிய ஆபீசரும் போட்டோக்காரரும். தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு ஆபீசர் தன் கையால் பரிமாற வேண்டும், அவள் சாப்பிட வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும். அப்புறம் பெயரை அறிவிப்பார்கள். கடைசியில் நன்றியுரை. அதுவும் நான்தான்.

பிஸ்மி சொல்லி அறுக்காத கறியை நாங்கள் தொட மாட்டோம். இதுவோ வேறொரு சாமிக்கென்று வெட்டியது. தினமும் நான் புறப்படும்போது அம்மா, "வெளிய எங்கயும் கறி தொடாத" என்று சொல்லித்தான் அனுப்புவாள். அத்தாவும், "ஆமா, கேட்டுக்க" என்பார்.

எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள்; படத்துக்காக என் இலையில் ஆபீசர் ஒரு கரண்டி போடுவதுதான் பாக்கி. பக்கத்தில் வந்த தலைமையாசிரியரிடம் சொன்னேன். "சார், எனக்கு வேணாம் சார். முனியப்பனுக்கு வெட்டுன கறி, நாங்க திங்க மாட்டோம்."

அவர் நிஜமாகவே திகைத்தார். "ஏம் பாப்பா, பிரியாணியே உங்காளுங்க சாப்பாடுதானே? உனக்காகத்தான் பிரியாணியா அனுப்புங்கன்னு நானே சொன்னேன். இல்லேன்னா பொரி கடலையோட முடிஞ்சிருக்கும்."

எனக்கு நல்லது செய்ததாக அவர் மனதார நம்பினார். ஐந்து வேளை பாங்கு கேட்கும் தெருவில் இத்தனை வருடம் வேலை பார்த்தவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்தது அரிசியும் பட்டையும் கிராம்பும் மட்டும்.

அதற்குள் பக்கத்து இலையில் அந்த லிங்காயத்துப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள். "பேடா சார், வேணாம், பேடா" என்று இலையை மூடி மூடிக் காட்டினாள். பின்னால் பையன்களுக்குக் கொண்டாட்டம். "டேய், கறியே திங்காதவளும் பட்டினி, கறி திங்கறவளும் பட்டினிடா! நம்ம பங்கு டபுள்!"

தலைமையாசிரியருக்கு ஒரு வழி தோன்றியது. குனிந்தார். சற்று முன்புதான் மூக்குப்பொடி போட்டு உதறிய விரல்கள். அவற்றால் என் இலையில் இருந்த சோற்றைக் கிளறிக் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு எலும்பை விரலிடுக்கில் பிடித்து அதில் ஒட்டிய சோற்றை என் இலையிலேயே வழித்துவிட்டார். பிறகு அதே விரல்களால் அவள் இலையிலும் பொறுக்கினார். பொறுக்கியதையெல்லாம் அண்டாவுக்குள் திரும்பப் போட்டார்.

"இந்தா, கறி போச்சு. இப்ப இது வெறும் குஸ்கா. ரெண்டு பேருக்கும் பிரச்சினை தீந்துச்சா?"

சோற்றில் எலும்பு கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் கொழுப்பு உறைய ஆரம்பித்திருந்தது. அவர் மோதிரத்தில் ஒரு பருக்கை.

ஆபீசர் கரண்டியோடு வந்து நின்றார். "என்ன ப்ராப்ளம்?"

"ஒண்ணுமில்ல சார். சின்னப் பொண்ணு, வெக்கப்படுது."

அந்தப் பொய் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "வெக்கம் இல்ல சார். இது சாமிக்கு வெட்டுன கறி. நாங்க சாப்பிடக் கூடாது."

ஆபீசரின் சிரிப்பு நின்றது. கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. தலைமையாசிரியரிடம் மெதுவாகச் சொன்னார்: "நம்ம சாமி ஆகாது, நம்ம கம்பெனி மட்டும் ஆகுமா?"

தலைமையாசிரியர் என் காதருகே வந்தார். மூக்குப்பொடியும் மசாலாவும் கலந்த மூச்சு. "ஒரே ஒரு வாய் வை பாப்பா. போட்டோ எடுத்ததும் துப்பிடு. உன் படிப்பைப் பாரு."

என் படிப்பை நான் நன்றாகவே பார்த்தேன். அது அந்த இலையில்தான் கிடந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து இறுக மூடிக்கொண்டேன்.

இரண்டாவது மதிப்பெண் வாங்கிய பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவள் சாப்பிட்டாள். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, பசித்தவள். பல்ப் வெளிச்சம் அடித்தது. அவள் பெயரையே அறிவித்தார்கள். அதோடு என்னை விட்டார்களா? நன்றியுரை வேறு யாருக்கும் மனப்பாடம் இல்லை. பாதி சாப்பிட்ட வாய்களுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள். ஒரு சொல் தடுக்காமல் சொன்னேன். 'அறுசுவை உணவளித்த' என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அத்தா வாசலில் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே அடுப்படியில். நடந்ததை முழுவதும் சொன்னேன். என்னை மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு சாக்கின் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"ஒரு வாய் வச்சிருக்கலாம்ல பாப்பா. அப்புறமா பாவமன்னிப்புக் கேட்டா அல்லா மன்னிக்க மாட்டானா?"

சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார். கை முகத்தருகே வந்தபோது சோப்பு வாசனை. சோப்புக்கு அடியில் கிராம்பு, நெய், அந்த அண்டாவின் கொழுப்பு வாடை.

"அத்தா, மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?"

கையை எடுத்துக்கொண்டார். "கம்பெனி கேட்ல போட்டாங்க."

"முனியப்பன் கறியா?"

"எல்லாரும் உக்காந்து திங்கறப்ப நான் மட்டும் தள்ளி நின்னா, நாளைக்குச் சாக்கு எனக்கு எடுத்து வெப்பானா? வருசா வருசம் நடக்கறதுதான்." அடுப்படிப் பக்கம் பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தேன். வெறும் வயிறு, மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. அவர் தின்றது அல்ல என்னைப் புரட்டியது. தினமும் காலையில் அதே வாயால், "ஆமா, கேட்டுக்க" என்றது. நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டதற்காக இப்போது கோணி ஊசி.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றேன். "நீங்க சாக்குக்காகத் தின்னீங்க. நான் படிப்பு போவும்னு தெரிஞ்சும் திங்கல. கோணி ஊசியத் தொட மாட்டேன் அத்தா. என்ன ஒம்பதாவதுல சேத்து விடுங்க."

அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று நான் மிரட்டவில்லை. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதை நான் மாற்றவும் இல்லை.

"அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அத்தா. "பாப்பாவ டவுன் ஸ்கூல்ல சேக்கறதப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

ஜூன் மாதம் சேர்த்துவிட்டார். மத்தியானத்துக்கு வீட்டுச் சோற்றைத் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். அடுத்த பங்குனியில் முனியப்பனுக்கு வெட்டிய அன்று சாயங்காலமும் அவரிடம் அதே வாடைதான் வீசியது. அன்று அவர் என் தலையை மட்டும் தொடவில்லை.