பீப்பாயில் ஒன்பது முட்டைகள்

மகன் வாங்கிய படகை நான்கு கயிறுகள் கரையோடு பிடித்து வைத்திருந்தன. காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை அவற்றை எண்ணிவிடுவேன்.

"எதுக்கு இத்தனை தடவை? கயிறு என்ன குட்டி போடுமா?" என்பாள் மனைவி.

"ஒண்ணு அவுந்தா தெரிய வேண்டாமா?"

"அவுந்தா அப்படியே ஊருக்குப் போயிடலாம்."

டாட்காம் கம்பெனிகள் பெருகிய காலம் அது. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வாடகை கொடுத்து மாளாமல், கடலிலிருந்து உள்ளே வரும் ஒரு கால்வாயில் பழைய படகுவீடு ஒன்றை மகன் வாங்கியிருந்தான். எங்களையும் அழைத்துக்கொண்டான். எனக்கு எல்லாமே கவலை: அடுப்பின் கேஸ், அடியில் கசியும் நீர், நீர் வற்றும்போது படகு சேற்றில் உட்கார்ந்து சாயும் சாய்வு. அவளுக்கு எதுவும் கவலையில்லை. கரைமேட்டில் யாரும் விதைக்காமலே கடுகு மஞ்சளாகப் பூத்தது. ஊடே ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள். ஆளுயரச் சோம்புச் செடியைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவாள். "இதத்தான் கடையில பாக்கெட் போட்டு விக்கிறான். இங்க சும்மா நிக்குது பாருங்க."

கூழைக்கடாக்கள் தாழப் பறந்து போனால் நான் எண்ணுவேன். "பதினேழு."

"அழகா இருக்குன்னு சொல்ல வராதே உங்களுக்கு."

அந்த வருடம் கோடை முடிவில் கரைமேட்டுக் கடுகையும் பாப்பியையும் விதையாகச் சேர்த்துவந்து, படகின் பின்தட்டில் மண் நிரப்பி வைத்திருந்த அரைப் பீப்பாயில் தூவினாள். மழை வந்தது. முளை வந்தது. பூ வருவதற்குள், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

மகன் செய்யவேண்டிய காரியங்களை எல்லாம் கோவிலில் செய்தான். அதன்பின் தினமும் மதியம், நான் சாப்பிடுமுன் படகின் கூரையில் ஒரு பிடி சோறு வைத்தேன். காகம் வரவில்லை. கடற்பறவைகளான சீகல்கள் வந்து இரைச்சலோடு அள்ளிக்கொண்டு போயின. அவளுக்கு என்ன குறை வைத்தோம் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அப்பா, இது கலிஃபோர்னியா காக்கா. அதுக்கு பீட்சாதான் தெரியும். இதுக்கெல்லாம் வொர்ரி பண்ணாதீங்க" என்றான் மகன்.

பீப்பாயில் முதல் பாப்பி விரிந்த வாரம் ஒரு காகம் வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. சீகல்களுக்கு நடுவே புகுந்து, நிதானமாகச் சோற்றைத் தின்றது. நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அழுதேன். மறுநாளும் வந்தது. "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். அதன்பிறகு தினமும் ஏதாவது பேசினேன். கயிறு நான்கும் இருப்பதைக்கூடச் சொன்னேன்.

அதே பீப்பாயில், கடுகுச் செடிகளின் அடியில், ஒரு காட்டு வாத்து முட்டையிட்டிருந்தது. ஒன்பது. தன் மார்பு இறகைப் பிடுங்கி மெத்தை செய்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அவள் விதைத்த செடி, அதில் ஓர் உயிர் குடியேறியிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கத் தொடங்கியது.

ஒரு காலை வாத்து இரை தேடிப் போயிருந்தபோது முட்டைகளை எண்ணினேன். எட்டு. அடுத்த நாள் ஏழு. அதற்கடுத்த நாள் ஐந்துதான் இருந்தன. கூரைமேல் மஞ்சள் கரு ஒழுகிக் கிடந்தது.

மகன் பார்த்துவிட்டான். "உங்க காக்காதான்பா. நீங்க சோறு வச்சுப் பழக்கிட்டீங்க. தொரத்துங்க."

"உங்க அம்மாடா."

அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக் கட்டாமலே உட்கார்ந்திருந்தான். "அம்மா முட்டையத் திருடுவாளாப்பா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று முழுவதும் பீப்பாயருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாலையில் வாத்து எழுந்து போனது. காகம் கூரையிலிருந்து பீப்பாயின் விளிம்புக்கு இறங்கி, வழக்கம்போலத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு இறகை விலக்கி ஒரு முட்டையைக் கொத்தியது.

கையில் இருந்த டம்ளரை வீசினேன். "போ! இங்க வராத, போ!" நாற்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் சொல்லியிராத வார்த்தை. டம்ளர் விளிம்பில் பட்டுக் கால்வாயில் விழுந்தது. காகம் கரைமேட்டுக் கடுகுக்கு மேலே பறந்து, மறுகரை தாண்டிப் போனது.

நான்கு முட்டைகள் பொரிந்தன. ஒரு காலை தாய் தண்ணீரில் இறங்கி அழைத்தது. நான்கு குஞ்சுகளும் பீப்பாயிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்து அதன் பின்னே போய்விட்டன. மறுநாள் வரவில்லை. வாத்துகள் அப்படித்தானாம்.

நான் இன்னமும் கூரையில் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். சீகல்கள் மட்டுமே தின்றன. பாப்பி உதிர்ந்து காய் கட்டியது. மகன் மதியத்தில் ஆஃபீஸிலிருந்து போன் செய்யத் தொடங்கினான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்திக் கேட்பான்.

"வந்துச்சாப்பா?"

"இல்லடா."