ஏரிக்கரையில் ஒரு விசாரணை ஜன்னல்

'விசாரணை' என்று பலகை மாட்டிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாத்ரூம் எங்கேங்க?" இரண்டாவது கேள்வி, "இங்க ஃப்ரீயா என்னென்ன இருக்குதுங்க?"

முதல் கேள்விக்குக் கையை நீட்டினால் போதும். இரண்டாவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சேலத்திலிருந்து சங்ககிரி போகிற வழியில் உள்ளே திரும்பினால் கரட்டேரி வரும். அதன் கரையில் இருக்கிற பூங்காவில் ஒன்பது கோடையாக இந்த வேலை பார்க்கிறேன். சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். எனக்கென்று ஒரு மைக், ஒரு நாற்காலி, அனல் காற்றைச் சுழற்றிவிடும் ஒரு மின்விசிறி. கரையைச் சுற்றி நடக்கலாம், மதகடியில் மீன் பார்க்கலாம், நடுத்திட்டில் நாரை பார்க்கலாம், பத்து வயதுக்குள் என்றால் ஊஞ்சல் ஆடலாம், மே மாதக் காலைகளில் நீச்சல் கற்றுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் காசில்லை. போட் சவாரிக்கும் மீன் வறுவலுக்கும் மட்டும்தான் காசு. "லீவு முடியப்போகுது, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்ற குரலுக்குத் தப்பிக்க முடியாமல் உச்சி வெயிலில் வண்டியை எடுத்தவர் என்றால் நீங்களும் என் ஜன்னலுக்கு வந்திருப்பீர்கள். வேர்த்து விறுவிறுத்து நீங்கள் அந்தப் பக்கம் நின்றீர்கள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவஸ்தை ஒன்றுதான்.

புங்கமர நிழல்

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் சங்ககிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் லாரி டிரைவர் என்பது கேட்காமலே தெரிந்தது. ஜன்னலோரம் வெயில் படுகிற வலது கை மட்டும் தனியாகக் கறுத்திருந்தது. நான் புதுசு. மீன், நாரை, ஊஞ்சல் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெழலு எங்கேங்க நல்லாயிருக்கும்?" என்றார். புங்கமரங்களைக் காட்டினேன். துண்டை விரித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

பதினோரு மணிக்குத் தூங்கினவர் மூன்று மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மீன் பார்த்துவிட்டு வந்தார்கள், ஊஞ்சல் ஆடிவிட்டு வந்தார்கள். வந்த ஒவ்வொரு தடவையும் அப்பாவைப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மா பிள்ளைகளுக்குப் புளிச்சோறு போட்டுவிட்டு, அவர் பங்கை மூடி வைத்து, ஒரு காகிதத்தால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு இப்படியும் ஒரு மனுஷன் தூங்குவானா?

நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க அந்த அம்மா என் பக்கம் வந்தார். "கடைசி போட் அஞ்சு மணிக்குங்க. அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க, பிள்ளைங்க பாவம்" என்றேன். அவர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "வேண்டாங்க. ஊட்டுக்கு வந்தாலும் வண்டி எங்கே, லோடு எங்கேன்னு போன் வந்துக்கிட்டே இருக்குமுங்க. இந்த ஏரிப் பக்கம் டவரே எடுக்காதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தானுங்க கூட்டிட்டு வந்தோம்."

பாவாயி

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று வேன் பிடித்து வந்திருந்தது. மத்தியானம் அந்த வீட்டு மகன் செருப்பில்லாமல் என் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "அம்மாவைக் காணோமுங்க. நாங்கெல்லாம் போட்ல போனோம். அவங்க பயமா இருக்குதுன்னு கரையிலயே நின்னாங்க. திரும்பி வந்து பாத்தா ஆளில்லீங்க." வயது ஐம்பத்தைந்து, பச்சைச் சேலை, பெயர் பாவாயி. நான் மைக்கை எடுத்தேன். "பாவாயி அம்மாள் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அறைக்கு வரவும். உங்கள் மகன் காத்திருக்கிறார்." ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை சொன்னேன். யாரும் வரவில்லை.

எங்கள் லைஃப் கார்ட் செல்வம் துடுப்புப் படகை எடுத்தான். நீளமான மூங்கில் கழியையும் எடுத்து வைத்தான். அந்தக் கழி எதற்கு என்று புரிந்ததும் மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாசி படர்ந்த ஓரமாக செல்வம் கழியை விட்டு விட்டுப் பார்ப்பது என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. எட்டாவது தடவை அந்தப் பெயரைச் சொல்லும்போது ஏரியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து சொன்னேன். கடைசியில், மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவரை வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி கூட்டி வந்தார். ஒலிபெருக்கி அவர் தலைக்கு நேர் மேலே வேப்பமரத்தில்தான் கட்டியிருந்தது.

மகன் அழுதுகொண்டே சத்தம் போட்டார், "இத்தன தடவ கூப்பிட்டாங்களே, காதுல உழுவலியா?" அந்த அம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உழுந்துது சாமி. ஆரோ பாவாயியாமா, பாவம், இப்படித் தேடறாங்களேன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பேரச் சொல்லி என்னைய ஆரு கூப்புடறாங்க, அது நான்தான்னு தெரியறதுக்கு?"

தண்ணீர் இல்லாத வருடம்

இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியதில் ஒரு ஏப்ரலில் ஏரி வெடித்துக் கிடந்தது. "போட் இல்லீங்க, மீன் இல்லீங்க, நாரையும் போயிடுச்சுங்க" என்று ஆபீஸ் லேண்ட்லைனில் சொல்வதே என் வேலையாகிப்போனது. போட் ஓட்டும் பெருமாள் அண்ணன் மட்டும் தினமும் வந்தார். கரையில் கவிழ்த்து வைத்த போட்டுகளின் மேல் படியும் தூசியைத் துடைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போவார்.

அப்போது விஷயம் தெரியாமல் அம்மாபேட்டையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஒரே தெருவில் தறி நெய்கிறவர்கள். ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கிற குரலில் நிலைமையைச் சொன்னேன். அவர்களில் ஒரு பெண் வெறும் ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் திட்டுக்கு நடந்தே போலாமா?" என்று கேட்டார். பறவைகள் கூடு கட்டும் இடம் என்பதால் அங்கே யாரையும் இறங்க விடுவதில்லை. இப்போது பறவையே இல்லையே. பெருமாள் அண்ணன் யோசித்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனேன்.

வெடித்த மண்ணில் நடந்தபடியே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். "இந்த எடத்துல எட்டு அடி நிக்கும். இங்க பதினஞ்சு." சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான். திட்டில் கருவேல மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள், எங்களுக்கும் கொடுத்தார்கள். மேலே கிளைகளில் காலிக் கூடுகள் இருந்தன. கிளம்பும்போது பெருமாள் அண்ணன் மட்டும் பின்தங்கி, எப்போதோ தண்ணீரில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே, வெயில் ஏறுது" என்றேன். அவர் நிமிராமல் சொன்னார்: "இருவது வருசமா இதச் சுத்திச் சுத்தியே வந்திருக்கேம்மா. எறங்குனது இன்னிக்குத்தான். இன்னொருக்கா எறங்குற மாதிரி ஆண்டவன் ஏரிய வத்த வெச்சிரக் கூடாது."

சனிக்கிழமைக் குடும்பம்

சனிக்கிழமைதோறும் சரியாக மூன்று மணிக்கு ஒரு அம்மாவும் எட்டு வயது மகள் தர்ஷினியும் ஒரு வண்டியில் வருவார்கள். அப்பா இன்னொரு வண்டியில் வருவார். அம்மா கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அப்பாவும் மகளும் கரையோரமாக நடக்கப் போவார்கள். ஐந்து மணிக்கு மகள் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவாள். கோர்ட்டில் சொன்ன இரண்டு மணி நேரம் அது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டார்கள், ஓட்டலில் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? அதனால் எங்கள் பூங்கா. இரண்டு கோடை இப்படி வந்தார்கள். பெரியவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் தகரச் சாய்ப்பு போட்ட இடம் என் ஜன்னல் ஒன்றுதான். மூன்று பேரும் அங்கே வந்து ஒதுங்கினார்கள். அம்மா பையிலிருந்து துண்டை எடுத்து மகளுக்குத் துவட்டினார். மகள் அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா நின்ற பக்கம் சாரல் அடித்ததும், தானே அந்தப் பக்கம் மாறி நின்றார். கையிலிருந்த கடலைப் பொட்டலம் அப்பாவிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து அம்மாவுக்கும் போனது. மணி ஐந்தரை ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவர்கள் சேர்ந்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த கோடை அவர்கள் வரவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மழை லேசாக விட ஆரம்பித்தபோது தர்ஷினி குதிகாலை உயர்த்தி என் ஜன்னல் கட்டையில் மோவாயை வைத்து ரகசியமாகச் சொன்னதுதான்: "ஆன்ட்டி, மழை இப்போதைக்கு நிக்காதுன்னு மைக்ல சொல்லுங்களேன்."

தோட்டத்துக் கிணறு

மே மாதக் காலையில் ஆறு மணிக்கு, கயிறு கட்டிய ஆழமில்லாத பகுதியில் செல்வம் நீச்சல் சொல்லிக் கொடுப்பான். வருவதெல்லாம் பையன்கள்தான். எனக்கு அது ஏழாவது கோடை. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ரேவதி என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். "பொம்பளைங்களுக்கும் சொல்லித் தருவீங்களாங்க?" என்றாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. செல்வம் நெளிந்தான். கடைசியில் அவன் மனைவி கலா, எங்கள் மீன் வறுவல் கடைக்காரி, "நான் இருக்கேன், வா" என்று புடவையை இழுத்துச் செருகினாள். ரேவதி என்னைப் பார்த்து, "ஒத்தையா எறங்க கூச்சமா இருக்குதுங்க. நீங்களும் வாங்க்கா" என்றாள். ஏழு வருடம் ஏரிக்கரையில் உட்கார்ந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாதவள் நான். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நானும் தண்ணீரில் இறங்கினேன்.

மூன்று நாள் தண்ணீர் குடித்தோம். கால் தரையை விட்டதும் நான் கத்துவேன். ரேவதி கத்த மாட்டாள், அழுவாள். அழுதுகொண்டே மறுபடி முகத்தை உள்ளே விடுவாள். "உனக்கென்னம்மா இவ்வளவு வைராக்கியம்?" என்று நாலாவது நாள் கரையில் தலை துவட்டும்போது கேட்டேன். அவள் வீட்டுத் தோட்டத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. போன வருடம் அவளுடைய மூன்று வயது மகள் பந்து எடுக்கப்போய் உள்ளே விழுந்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குதித்துத் தூக்கியதால் பிழைத்தது. "பெத்தவ நான், மேல நின்னு கத்துனேங்க்கா. அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது." பிறகு சுவர் கட்டிவிட்டார்கள். ஆனாலும் பிள்ளை தண்ணீரில் விழுந்த சத்தம் தூக்கத்திலும் அவள் காதை விட்டுப் போகவில்லை. மாதக் கடைசியில் அவள் கயிற்றுக்குக் கயிறு நிற்காமல் நீந்தினாள். நான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மிதக்க மட்டும் கற்றுக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் முதல் நாள், காலை ஆறு மணிக்கு அதே ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள். மாற்றுத்துணி வைத்த பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு பெண்கள் இறங்கி, தண்ணீரைப் பார்த்து மிரண்டு நின்றார்கள். "யாரு ரேவதி இவங்கெல்லாம்?" என்றேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்கூர்க்காரங்கதானுங்க்கா. இவங்க தோட்டத்துலயும் கெணறு இருக்குது."

இவ்வளவும் சொல்கிற நான், என் வீட்டுக்காரரையும் மகளையும் அந்த ஏரிக்கு இன்னும் ஒரு நாள்கூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை. கோடையில் எனக்கு ஏது லீவு?