ஒருத்தர் இறங்கணும்

டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். பேருந்து ஓட்டுநர், மனதில் பட்டதைத் தொண்டைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிந்தது. உள்ளாடையில் மஞ்சளாகக் கறை. அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவதால் வந்த சூடு என்று நினைத்துத் தண்ணீராகக் குடித்துப் பார்த்தாள். எரிச்சல் மசியவில்லை.

ஒரு நாள் கிளட்சை மிதிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் சீருடையோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றாள்.

சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “சிறுநீர் வெளிய வர்ற குழாய்ல அழற்சி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள தொத்திக்கிற கிருமி. மாத்திரையில குணமாயிடும், ஆனா பாதியில நிறுத்தக் கூடாது. அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சரியாகிற வரைக்கும் ஒண்ணு சேரக் கூடாது. இல்லைன்னா மறுபடியும் உங்களுக்கே வந்துடும்.”

“எப்ப வந்திருக்கும், டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா. சிலருக்கு எரிச்சலே இல்லாம ரொம்ப நாள் உள்ளேயே கிடக்கும்.”

கணவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன். விஷயத்தைச் சொன்னதும் எகிறினான். “எனக்கு எரிச்சலும் இல்ல, கிரிச்சலும் இல்ல. என்னையே சந்தேகப்படுறியா?”

“சந்தேகம் அப்புறம். முதல்ல வைத்தியம்” என்று அவன் தலையணையைக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

மறுநாளே அவனுடைய அக்கா வந்து இறங்கினாள். “இதெல்லாம் பொம்பளை வாயால பேசற பேச்சா? கமுக்கமா மாத்திரையை முழுங்கிட்டுப் போவியா!”

“எரியறது எனக்கு, அண்ணி. உங்க தம்பி மானத்தைக் காப்பாத்த என் உடம்புதானா கிடைச்சுது?”

அண்ணி வந்த வேகத்திலேயே செருப்பைத் தேடினாள்.

கணவன் தினமும் வேலைக்குப் போவது அவள் ஓட்டும் பேருந்தில்தான். அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கதவைத் திறந்தாள். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறினார்கள். நடத்துநர் விசில் அடித்தார். வண்டி அசையவில்லை.

“அக்கா, விசில் கேக்கலையா?”

“கேட்டுச்சு. இன்னும் ஒருத்தர் இறங்கணும்.”

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் கணவனையே பார்த்தாள். அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

“யாருப்பா அது? இறங்கித் தொலையேன்!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவன் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். கதவை மூடி வண்டியை எடுத்தாள்.

அவனுக்கும் அதே கிருமி. முடிவு வந்த சாயங்காலம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“போன வருஷம் வெளியூர் வேலைக்குப் போனப்ப... ஒரு தடவை...” தேய்த்து வைத்த தட்டை எடுத்துத் துடைத்தான். “என்னை மன்னிச்சிடு.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“முழுசாப் போட்டு முடிங்க. மன்னிக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கணும். என்னை அவசரப்படுத்தாதீங்க.”

பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதாள்.

எரிச்சல் போனது. மறுசோதனையில் இருவருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. கணவனுக்கு மட்டும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, டிப்போவின் பெண்கள் ஓய்வறையில் ஒரு நடத்துநர் அவள் காதருகே வந்து, தனக்கும் அங்கே எரிகிறது என்று கிசுகிசுத்தாள்.

“அதை ஏண்டி காதுல ஓதுற? உடம்புக்கு வந்தது. நீ என்ன திருடிட்டா வந்தே?” என்றாள் அவள், அறை முழுக்கக் கேட்கும்படி. “டியூட்டி முடிஞ்சதும் கிளம்பு. நானும் வர்றேன்.”